டெவன் செம்மண்ணில் ஐந்து நாள்

முதல் நாள்

லண்டன் பாடிங்டனில் ஏறிய ரயில் டாண்டனைத் தாண்டிய பிறகுதான் ஜன்னல் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். உழுது போட்ட வயல் ஒன்று செக்கச்செவேலென்று கிடந்தது. அடுத்ததும் அப்படியே. தென்மேற்கு இங்கிலாந்தில், டெவன் மாவட்டத்து எக்ஸெட்டரில் இறங்கும்வரை அந்தச் சிவப்பு விட்டு விட்டுக் கூடவே வந்தது. நான் வந்ததும் அந்த மண்ணுக்காகத்தான். அதைக் குழைத்துக் கட்டிய வீடுகளைப் பார்க்க வேண்டும், அதிலும் முதலாம் எலிசபெத் ராணி காலத்துக் கடலோடி வால்டர் ராலே பிறந்த ஹேய்ஸ் பார்ட்டன் என்கிற வீட்டைக் கண்குளிரப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பல வருடங்களாக ஆசை.

அக்கா ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். "ஏன்டி, கடல் கடந்து வந்து மண் சுவரைத்தான் பார்க்கணுமா?" என்றாள். "நானூறு வருஷத்துக்கு மேல நிக்கிற மண் சுவர்க்கா" என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் காரை பிராட்கிளிஸ்ட் பக்கம் திருப்பினாள். கொடுத்துவைத்த அக்கா எனக்கு.

இங்கே இந்தச் சுவருக்குப் பெயர் காப். பச்சைக்கல் அறுத்து அடுக்குவது வேறு, பலகை அடைத்து மண்ணை இடித்து இறுக்குவது வேறு. காப் சுவருக்கு அச்சும் கிடையாது, பலகையும் கிடையாது. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை வெட்டி எடுத்து, தண்ணீரும் வைக்கோலும் சேர்த்து மிதித்து, கவைமுள்ளால் அள்ளி அள்ளிக் கல் அடித்தளத்தின் மேல் வைத்து, மேலே ஏறி நின்று மிதித்தபடியே உயர்த்துகிறார்கள். மண்ணும் காலும் மட்டும்தான்.

பிராட்கிளிஸ்ட்டில் மார்க்கர்ஸ் காட்டேஜ் என்ற வீட்டை, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. இடைக்காலத்தில் கட்டிய காப் வீடு. ஹேய்ஸ் பார்ட்டனில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அதனால் அந்தக் காலத்து மண் வீட்டின் உள்புறம் எப்படி இருக்கும் என்று முதலில் இங்கே பார்த்துக்கொள்ள நினைத்தேன்.

வாசலில் கால் வைத்ததும் வெளிச் சத்தம் அடங்கிவிட்டது. ரோட்டில் போகிற வண்டிச் சத்தம் கூடச் சன்னமாகத்தான் கேட்டது. ஜன்னல் குழியில் முழங்கையை மடக்காமல் கையை நீட்டினேன். என் விரல் நுனி கண்ணாடியைத் தொட்டபோது தோள் சுவரோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு கனம் சுவர். ஜன்னல் அடிக்கட்டையில் ஒரு ஆள் தாராளமாக உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம்.

மேலே பார்த்தால் மரமெல்லாம் கரி. முதலில் இந்த வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது. நடுக்கூடம் தரையிலிருந்து கூரை முகடு வரை திறந்தே இருக்கும், தரையில் தீ மூட்டுவார்கள், புகை வைக்கோல் வழியாகத் தானே கசிந்து வெளியேறும். அந்தப் புகை படிந்த வைக்கோல் டெவனில் பல பழைய வீடுகளில் இன்னும் கூரையின் அடி அடுக்கில் அப்படியே இருக்கிறது. புகைபோக்கி, மாடி எல்லாம் பிறகு செருகியவை. நடையை ஒட்டிய மரத் தடுப்பில் புனித ஆண்ட்ரூவின் ஓவியம் ஒன்று மங்கலாகத் தெரிகிறது. மண் வீட்டுக்குள் இப்படி ஒரு சித்திர வேலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மண்ணில் கட்டியவர்களைப் பாவப்பட்டவர்கள் என்றே கற்பனை செய்து பழகியிருக்கிறோம்.

இரண்டாம் நாள்

எக்ஸெட்டரிலிருந்து எக்ஸ்மத்துக்கு ரயில். எக்ஸ் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டியே போகிறது, கையை நீட்டினால் தண்ணீர். அப்புறம் பஸ் பிடித்து ஈஸ்ட் பட்லி.

சின்ன ஊர். பிரதான வீதியின் ஓரமாகவே ஓர் ஓடை ஓடுகிறது. நான் முதலில் பார்த்தது வீடுகளை இல்லை, மதில்களை. தோட்டத்து மதில்கள் கூட இங்கே காப்தான். கீழே முழங்கால் உயரத்துக்கு வழவழவென்ற கூழாங்கற்கள், அதற்கு மேல் சிவப்பு மண், உச்சியில் ஒரு நீளக் கூரை. ஆமாம், மதிலுக்கும் கூரை உண்டு! சிலவற்றுக்கு ஓடு, சிலவற்றுக்கு வைக்கோல். நடந்துகொண்டே இருந்தேன், பத்து வீட்டுக்கு ஒரு வீட்டின் முன் நின்று அடித்தளத்தைக் குனிந்து பார்த்தேன்.

அந்தக் கூழாங்கற்களுக்குத் தனிக் கதை. பட்லி சால்டர்ட்டன் கடற்கரைச் சரிவில் சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த ஓர் அடுக்கிலிருந்து வருபவை. இன்றைய பிரான்ஸின் பிரிட்டனி பக்கத்துப் பாறையிலிருந்து பெரிய ஆறு ஒன்று உருட்டிக்கொண்டு வந்த கற்கள். அப்போது நடுவில் ஆங்கிலக் கால்வாய் கிடையாது. ஆறு உருட்டியதால் ஒவ்வொன்றும் பெரிய முட்டை வடிவில் இருக்கிறது. கொத்தனாருக்கு இது நல்ல கல்லே இல்லை, ஒன்றன்மேல் ஒன்று நிற்காது, சுண்ணாம்புக் காரையில் பதித்துத்தான் கட்ட வேண்டும். ஆனாலும் ஈரம் உறிஞ்சாத கல். மண் சுவருக்குக் கீழே வேண்டியது அதுதான்.

மத்தியானம் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்துக்குப் போனேன். மர இருக்கைகளின் பக்கப் பலகைகளில் செதுக்கு வேலை. ஒன்றில் ஒரு கப்பல். ராலே குடும்பத்தின் பலகையில் 1537 என்று ஆண்டு இருக்கிறது. வால்டர் ராலே பிறப்பதற்கு முன்பே அவர் குடும்பத்துக்கு இங்கே இடம் இருந்திருக்கிறது. அவர் அப்பா 1561-ல் இந்தத் தேவாலயத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். வெளியே வந்தால் மகனின் வெண்கலச் சிலை நிற்கிறது, 2006-ல் வைத்தது. அவர் அமெரிக்கப் பக்கம் குடியேற்றம் அனுப்பியதும், கடைசியில் 1618-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் தலை வெட்டப்பட்டதும் எல்லோரும் படித்ததுதான். எனக்கு அவர் பிறந்த வீடு போதும்.

மூன்றாம் நாள்

ஊரிலிருந்து ஹேய்ஸ் பார்ட்டன் ஒரு மைல் தூரம். இருபுறமும் ஆள் உயர மண்கரை, அதன் மேல் வேலி, நடுவில் ஒற்றை வண்டி போகிற பாதை. டெவனில் பார்ட்டன் என்றால் பண்ணையாரின் சொந்த நிலத்தோடு சேர்ந்த பெரிய பண்ணை வீடு. ஒரு வளைவு திரும்பியதும் வீடு எதிரே வந்துவிட்டது.

மூன்று பல் மட்டும் உள்ள ஒரு சீப்பைத் தரையில் வைத்ததுபோல அமைப்பு. நீளவாக்கில் நடுக்கட்டு, இரண்டு பக்கமும் முன்னால் நீட்டிக்கொண்டு வருகிற கட்டுகள், சரியாக நடுவில் மாடி வைத்த முகப்பு மண்டபம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வைக்கோல் கூரை ஏறி இறங்கிப் படர்ந்திருக்கிறது. ஆங்கில 'ஈ' எழுத்தின் வடிவம் என்பார்கள். எலிசபெத் ராணிக்கு மரியாதையாக இப்படிக் கட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்ப வேண்டியதில்லை. அவர் பட்டத்துக்கு வருமுன்பே இப்படிப்பட்ட முகப்புகள் இருந்தன. இரு பக்கமும் ஒத்துப்போகிற முகப்பு அந்தக் காலத்துப் பெரிய வீட்டுக்காரர்களுக்குக் கௌரவம், அவ்வளவுதான்.

பாதையின் எதிர்ப்பக்கம் மரநிழலில் நின்றுகொண்டு ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, இந்த வடிவத்தை மண்ணில் கட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது புரிந்தது.

காப் சுவர் நேராகவும் நீளமாகவும் இருந்தால் அதற்குக் கவலையில்லை. மூலை என்று வந்தால்தான் தொந்தரவு. காயும்போது மண் சுருங்கும், சுருங்கும்போது இரண்டு சுவர் சேருகிற இடத்தில்தான் இழுவை வரும், வெடிப்பும் அங்கேதான் விழும். ஒரு சதுர வீட்டுக்கு நான்கு மூலை. இந்த வீட்டின் முகப்பை மட்டும் எண்ணினேன், வெளிமூலையும் உள்மூலையுமாக பத்து. தவிரவும் பழைய கட்டோடு புதிய கட்டைப் பிறகு சேர்த்தால் மண்ணும் மண்ணும் கடித்துப் பிடிக்காது, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

கூரையும் அப்படித்தான். நீட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொரு கட்டும் நடுக்கூரையோடு சேருகிற இடத்தில் ஒரு பள்ளம் விழும். இரண்டு சரிவின் மழையும் அந்த ஒரே பள்ளத்தில் ஓடும். வைக்கோல் முதலில் அழுகிப்போவது அங்கேதான். சாதாரண டெவன் குடியானவன் வீட்டில் கூரையின் கோடிகளைக்கூடச் சாய்த்து இறக்கிவிடுவார்கள், சுவர் முழுக்கக் கூரை நிழலில் இருக்கும். இங்கே முன்பக்கம் பார்த்து முக்கோணச் சுவர்களை நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள், சாரல் நேராக அடிக்கும் என்று தெரிந்தே. கல்லில் மாளிகை கட்டுகிறவர்கள் செய்ததையெல்லாம் இவர்கள் தங்கள் வயலின் சேற்றில் செய்து காட்டிவிட்டார்கள். ஒவ்வொரு மூலைக்கும் பள்ளத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்கிற வேலையையும் சேர்த்தே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதை மண் வீடு என்று பரிதாபமாகச் சொல்கிறவர்களை இந்தப் பாதையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியது.

சுவரின் மூலைகளைக் கவனியுங்கள். எங்குமே கூர் இல்லை, பாறையைத் தண்ணீர் தேய்த்ததுபோல் உருண்டு திரும்புகின்றன. கூரான மண் மூலை வண்டியோ மாடோ உரசினாலே உதிர்ந்துவிடும். அதே உருட்டல் மேலே கூரையிலும் தொடர்வதால் வீடு முழுவதும் ஒரே கையால் பிசைந்ததுபோல் இருக்கிறது.

முகப்பு மண்டபத்துக் கதவுக்குப் பின்னால், இப்பகுதி வீடுகளின் வழக்கப்படி, முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரு நடை ஓடும். ஒரு பக்கம் நடுக்கூடம், அதைத் தாண்டி உள்ளறை. மறுபக்கம் சாமான் அறை, சமையல் வேலைகள். வீட்டுக்காரர், விருந்தாளி, வேலைக்காரர் எல்லோரும் நடையில் ஒருவரை ஒருவர் கடந்துதான் போக வேண்டும். வெளியே எவ்வளவு ஒழுங்காக இரு பக்கமும் ஒத்துப்போனாலும், உள்ளே கூடம் பெரிது, மற்றது சிறிது. வீட்டுக்காரர்கள் முகப்பை மாற்றினார்கள், வாழ்க்கையை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

ராலே குடும்பம் இங்கே குத்தகைக்குத்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் ஆட்டர்ட்டன் ஊரின் டியூக் குடும்பத்தார். டியூக் என்பது பட்டமில்லை, குடும்பப் பெயர். 1584 ஜூலை 26 அன்று, ராணியின் தயவில் உச்சத்தில் இருந்த வால்டர் ராலே, ரிச்சர்ட் டியூக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் அந்த வீட்டில் பிறந்தவன், எனக்கு அந்த இடத்தின் மேல் இயல்பாகவே ஒரு பற்று, வேறு எங்கும் குடியேறுவதைவிட அங்கேயே குடியேற விரும்புகிறேன், விலைக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார். டியூக் கொடுக்கவில்லை. பத்து வருடம் கழித்து ராலே பக்கத்து மாவட்டமான டார்செட்டில் ஷெர்போர்னில் கல்லில் ஒரு மாளிகை கட்டிக்கொண்டார், கோபுரமெல்லாம் வைத்து. ஆனால் முதலில் கேட்டது இதைத்தான். அந்தக் கடிதத்தைப் பல தடவை படித்திருக்கிறேன். இந்த வீட்டின் எதிரே நின்று நினைத்துப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

நான்காம் நாள்

அக்காவுக்குத் தெரிந்தவர் மூலமாக காப் வேலை செய்கிற பெரியவர் ஒருவரைப் பார்க்க கிரெடிட்டன் பக்கம் போனோம். ஒரு பழைய தானியக் கொட்டிலின் சுவரைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். பூச்சு இல்லாத சுவர், அதனால் எல்லாம் வெளிப்படையாகத் தெரிந்தது. இரண்டடி உயரத்துக்கு ஒரு கோடு, மறுபடி இரண்டடிக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோடும் ஒரு படையின் முடிவு. ஒரு படை வைத்தால் இரண்டு மூன்று வாரம் காய விட வேண்டும், இல்லாவிட்டால் மேல் பாரத்தில் பிதுங்கிவிடும். உறைபனி காலத்தில் வேலையே செய்யக் கூடாது. அதனால் ஒரு மாடி வீட்டுக்குச் சில சமயம் இரண்டு கோடை ஆகிவிடும்.

"செருப்பைக் கழற்றுங்கள்" என்றார். தார்ப்பாயில் செம்மண்ணைக் கொட்டியிருந்தது. தண்ணீர் விட்டு மிதித்தேன். முதலில் வழுக்கியது, பிறகு குதிகாலுக்கடியில் சரளை உறுத்தியது. அவர் வைக்கோலைத் தூவத் தூவ மண் மாறியது. காலைப் பிடித்து இழுத்தது, தூக்கினால் ஒரு பாளமாக எழுந்து வந்தது. அதுதான் பதம் என்றார். வைக்கோல் சுவரைப் பலப்படுத்துவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். அதைவிட முக்கியமாக, சுருங்கும்போது வரும் ஒரு பெரிய வெடிப்பை ஆயிரம் மயிர்க்கோடுகளாகப் பிரித்துவிடுவது அதன் வேலை. உள் ஈரம் வெளியே வரவும் அதுதான் வழி.

கவைமுள்ளால் அள்ளிச் சுவரில் வைத்தார். சுவரைவிடக் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு இருக்கிற மாதிரிதான் வைக்கிறார்கள். இறுகிய பிறகு, தட்டையான இரும்பு மண்வெட்டி போன்ற ஒன்றால் மேலிருந்து கீழாகச் செதுக்கி நேராக்குகிறார்கள். மூன்றடி கனத்தில் ஏறுகிற சுவர் சீவி முடியும்போது இரண்டரை அடியாக நிற்கலாம். ஜன்னலுக்கு ஓக் கட்டையை மண்ணிலேயே பதித்துவிட்டு, சுவர் காய்ந்த பிறகு கட்டைக்குக் கீழே குடைந்து எடுப்பதும் உண்டு. செதுக்கி விழுந்த மண்ணைக் கூட்டி மறுபடி தண்ணீரில் போட்டார். ஒரு பிடி மண்கூட வீணாகவில்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது சிமென்ட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. போன நூற்றாண்டில் நல்லது செய்வதாக நினைத்து எத்தனையோ காப் வீடுகளுக்குச் சிமென்ட் பூசிவிட்டார்கள். மண் சுவர் லேசாக அசையும், சிமென்ட் அசையாது. மயிரிழை வெடிப்பு விழும், அது வழியாக மழை உள்ளே போகும். போன தண்ணீர் திரும்ப வர வழியில்லை. சுவரின் அடி நனைந்து நனைந்து சேறாகும், மேலே இருக்கிற டன் கணக்கான பாரம் ஒரு நாள் அப்படியே உட்கார்ந்துவிடும். வெளியே பூச்சு கடைசி நாள் வரை புதுசு மாதிரியே தெரியும். சுண்ணாம்பு பூசினால் உள்ளே போன ஈரம் வெயில் வந்ததும் வெளியேறிவிடும். பத்து ரூபாயில் முடிகிற வேலையை விட்டுவிட்டுச் சுவரையே கொன்றுவிட்டார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

டெவனில் ஒரு சொலவடை சொன்னார். காப் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் கொடுத்துவிட்டால் போதுமாம். தொப்பி என்றால் கூரை, பூட்ஸ் என்றால் கல் அடித்தளம். நம் மொழியில் குட்டிச்சுவர் என்று ஒரு சொல் உண்டு, கூரை போன மண் சுவர் மழையில் கரைந்து மிச்சம் நிற்கும் மொட்டைச் சுவர், உருப்படாமல் போனதற்கு அதைத்தான் சொல்வோம் என்றேன். சிரித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் ஊர்க்காரர்களுக்கும் இது தெரியும்" என்றார்.

கிளம்பும்போது, "நாளைக்கு மழை வரும் என்கிறார்கள், ஒரு சுவருக்குத் தொப்பி போட வேண்டும். கை உதவிக்கு ஆள் இல்லை" என்றார். வருகிறேன் என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு பட்லி சால்டர்ட்டன் கடற்கரைக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம்.

ஐந்தாம் நாள்

கடற்கரை இன்னொரு தடவை.

கொட்டிலுக்குப் பின்னால், கூரை எப்போதோ இறங்கிப்போன ஒரு தொழுவம். மூன்று சுவர்தான் மிச்சம். ஒன்றின் உச்சி கரைந்து, நடுவில் பள்ளம் விழுந்து, கீழே சிவப்பு மண் குவியலாகி அதில் காஞ்சொறிச் செடி முளைத்திருந்தது. சுவராக இருந்தது வயலாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன்மேல் சின்னச் சின்ன ஓட்டைகள். தேனீ வகை ஒன்று மண்ணில் துளை போட்டுக் கூடு வைக்கிறது, அதனால் ஒன்றும் ஆகாது, விட்டுவிடு என்றார்.

வைக்கோல் கூரைக்கு இப்போது பணம் இல்லை. வேய்கிற ஆளும் சுலபத்தில் கிடைப்பதில்லை. நல்ல கோதுமைத் தாளில் வேய்ந்தால் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நிற்கும், ஆனால் செலவு அதிகம். அதனால் நெளிவுத் தகரம். டெவனில் எத்தனையோ காப் கொட்டில்களைக் காப்பாற்றி வைத்திருப்பது இந்தத் துருப்பிடித்த தகரம்தான் என்று நேற்றே சொல்லியிருந்தார். வருகிற வழியெல்லாம் பார்த்தேன், உண்மை. அழகில்லை என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு ஒவ்வொன்றையும் பார்க்க நிம்மதியாக இருந்தது.

பள்ளத்தை முதலில் காய்ந்த காப் கட்டிகளை வைத்து அடைத்தோம். ஈரமண்ணை வைத்தால் பழைய சுவர் காய்ந்தது, புதுசு சுருங்கும், ஒட்டாது. அதனால் முன்கூட்டியே அச்சில் வார்த்துக் காயவைத்த கட்டிகள், நடுவில் மண் சாந்து. பழைய சுவரின் முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். தெளித்த இடத்திலிருந்து எழுந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். புதுமழை வாசனை.

பதினொரு மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. அவர் ஏணியில் ஏறினார், நானும் அக்காவும் கீழே பிடித்துக்கொண்டோம். சுவர் உச்சியில் கட்டை வைத்து, கட்டை மேல் தகரத்தை வைத்து ஆணி அடித்தார். சுவரைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார். "அந்த ஒரு முழத்தை மட்டும் எவன் சொன்னாலும் வெட்டக் கூடாது" என்றார்.

மழை வலுத்தது. மூவரும் கொட்டிலுக்குள் ஒதுங்கினோம். அவர் டீ ஊற்றிக் கொடுத்தார். எதிரே தகரத்திலிருந்து தண்ணீர் கம்பி கம்பியாக இறங்கி, சுவரடியிலிருந்து ஒரு முழம் தள்ளித் தரையில் வரிசையாகக் குழி பறித்தது. அக்கா டீயைக் குடிக்காமல் சுவரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காஞ்சுதான்டி இருக்கு" என்றாள்.